பழைய அம்பாசடர், பத்மினி: டாஷ்போர்டு முள் தப்பாகக் காட்டினால் எங்கே தேடுவது

மீட்டர் வேலை செய்யவில்லை என்றதும் டாஷ்போர்டைக் கழற்றுவதுதான் பழக்கமாக இருக்கிறது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அம்பாசடரோ ப்ரீமியர் பத்மினியோ, பழைய வண்டிகளில் கோளாறு மீட்டருக்குள் இருப்பது குறைவு. எர்த்தில் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), வயரில், டேங்க்குக்குள் இருக்கும் ஃப்ளோட் யூனிட்டில் (பெட்ரோல் அளவைச் சொல்லும் மிதவை), என்ஜினில் இருக்கும் சென்சாரில்தான் பெரும்பாலும் இருக்கும். நல்ல மீட்டரைத் தேவையில்லாமல் பிரித்து, முள்ளை வளைத்து, டயலைக் கீறிவிட்டால் அதே போல இன்னொன்று கிடைப்பது லேசில்லை. அதனால் தேடும் வரிசை இதுதான்: முதலில் எர்த், அடுத்து ஃபியூஸும் வயரும், அடுத்து யூனிட், அதற்குப் பிறகு ஸ்டெபிலைசர் (மீட்டருக்குப் போகும் வோல்ட்டைச் சீராக வைக்கும் பாகம்), எல்லாம் சரி என்றால் மட்டும் மீட்டர்.

காவிரி டெல்டாவில் இந்த வரிசைக்குக் கூடுதல் காரணமும் உண்டு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் எர்த் முனைகள் பச்சை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குள் ஈரம் காயவே காயாது. தை மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கமும் வைக்கோல் போர்ப் பக்கமும் வந்து சேரும். பக்கத்தில் நிற்கும் வண்டியின் வயரிங்கைக் கடிக்காமல் விடாது. இன்னொன்று, டிங்கரிங் பார்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி. எர்த் லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) உட்கார வேண்டிய இடத்திலும் பெயின்ட் ஏறிவிடும். "பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து மீட்டர் காட்டவில்லை" என்றால் நேரே அங்கேதான் போக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த 3 மீட்டர் வயர், 22, 47, 68, 82, 220 ஓம் ரெசிஸ்டர்கள் (2 வாட்). ரெசிஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அந்த ஐந்தும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தெரிய வேண்டியது: உங்கள் மீட்டர் எந்த வகை?

பெட்ரோல் மீட்டரில் இரண்டு வகை உண்டு. ஒரே கோளாறுக்கு இரண்டும் நேர் எதிராகக் காட்டும். இதைப் பார்க்காமல் சோதித்தால் நல்ல யூனிட்டைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். மாடலுக்கு மாடல் மாறியிருக்கும். நடுவில் யாராவது வேறு மீட்டர் மாட்டியும் இருக்கலாம். அதனால் வருடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், முள்ளைப் பாருங்கள்.

சாவி போட்டதும் முள் சட்டென்று துள்ளி அளவுக்குப் போய், வண்டி குலுங்கும்போது கொஞ்சம் ஆடினால் அது காயில் வகை. உள்ளே இரண்டு காயில்கள் ஒரு இரும்புத் துண்டை இரு பக்கமும் இழுக்கும். இதில் டேங்க் வயரைக் கழற்றிவிட்டால் முள் நிறைவுக்குப் போகும். அந்த வயரை எர்த் செய்தால் காலிக்கு இறங்கும்.

சாவி போட்டபின் முள் மெதுவாக, சில நொடிகள் எடுத்து ஊர்ந்து ஏறினால் அது பைமெட்டல் வகை. உள்ளே ஒரு சின்னக் கம்பிச்சுற்று சூடாகி, தகட்டை வளைத்து முள்ளைத் தள்ளுகிறது. இதில் வயரைக் கழற்றினால் காலி, எர்த் செய்தால் நிறைவு. இந்த வகையோடு பெரும்பாலும் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்றும் இருக்கும்.

பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பிளஸ் முனை எர்த்தாக இருக்கும். வேலை தொடங்கும்போது எது பாடிக்குப் போகிறதோ அந்த முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது.

எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டுகிறது

இரண்டு மூன்று மீட்டர்கள் ஒன்றாகக் கெட்டுப்போவது அபூர்வம். எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு.

எதுவுமே அசையவில்லை என்றால் சாவி வழியாக வரும் ஃபியூஸைப் பாருங்கள். பழைய கண்ணாடி ஃபியூஸ் பார்க்க நன்றாகவே இருக்கும், இரு முனையும் துரு பிடித்திருக்கும். கழற்றி, பிடியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள்.

ஹெட்லைட் போட்டால் முள் நகர்கிறது, இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து துடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எர்த்தான். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை மீட்டரின் உலோக உடம்பிலும் மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம். பழைய எர்த்தைத் துருவித் தேடுவதைவிட, டாஷ்போர்டிலிருந்து பாடிக்குப் புதிதாக 2.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்று இழுப்பது நல்லது. லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து, உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலைன் தடவி விடுங்கள். கடலோரத்தில் இந்த வாசலைன் பூச்சை விட்டுவிடவே கூடாது. விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி பச்சை பூக்கும். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பட்டை எர்த்தையும் அதே கையோடு பாருங்கள்.

பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், பைமெட்டல் வண்டியில் அது ஸ்டெபிலைசரின் எர்த். ஸ்டெபிலைசர் 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் கிடைக்கும்படி செய்கிறது. அதன் உடம்புக்கு எர்த் கிடைக்காமல் போனால் விட்டு விட்டு அனுப்புவது நின்று, முழு 12 வோல்ட்டும் போய்விடும். முள் நன்றாக வேலை செய்வது போலவே தெரியும், ஆனால் கால் டேங்க்கை அரை என்று காட்டும். கும்பகோணம் போய்ச் சேரும் என்று நம்பிக் கிளம்பிய வண்டி பாபநாசத்தில் நிற்கும்.

ஸ்டெபிலைசர் வெளியே விடும் முனையில் டெஸ்ட் லேம்பை வைத்தால் விட்டு விட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்தால் எர்த் இல்லை அல்லது உள்ளே ஒட்டிக்கொண்டது. எரியவே இல்லை, உள்ளே வரும் முனையில் மட்டும் கரண்ட் இருக்கிறது என்றால் மாற்றியாக வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மாற்றுக்கு 7810 ரெகுலேட்டர் ஐசி ஒன்று போதும். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடது கால் உள்ளே வரும் 12 வோல்ட், நடுக்கால் எர்த், வலது கால் வெளியே போகும் 10 வோல்ட். பின்தகடு நடுக்காலோடு சேர்ந்தது. அதனால் மைனஸ் எர்த் வண்டியில் பாடியோடு நேராக போல்ட் போட்டுவிடலாம், சூடும் அப்படியே இறங்கிவிடும். உள்ளே வரும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். பிளஸ் எர்த் வண்டிக்கு இது ஆகாது, 7910 வேண்டும். அதில் கால்களின் வரிசையே வேறு. பின்தகடும் கரண்ட் உள்ள தகடு. பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும், மைக்கா ஷீட் வைத்து மட்டுமே மாட்ட வேண்டும்.

பெட்ரோல் முள் எழவே இல்லை, அல்லது எப்போதும் நிறைவிலேயே நிற்கிறது

டேங்க் யூனிட்டில் இருந்து வயரைக் கழற்றுங்கள். சாவி போட்டு முள்ளைப் பாருங்கள், பிறகு வயரை எர்த்தில் தொட்டுப் பாருங்கள். பைமெட்டல் வகையில் 2, 3 நொடிக்கு மேல் தொட்டு வைக்காதீர்கள். முள் ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். வயர் முனையை டேங்க் வாய்ப் பக்கம் தீப்பொறி வரும்படி தொட வேண்டாம். கிளிப் வயரை முதலில் தள்ளி ஓர் இடத்தில் எர்த் செய்துவிட்டு, மறு முனையை இந்த வயரோடு மாட்டி, அதன் பிறகே சாவி போடுங்கள்.

முள் மேலும் கீழும் சரியாகப் போனால் மீட்டரும் வயரும் நல்லவை, கோளாறு டேங்க்கில். முள் அசையவில்லை என்றால் இதே சோதனையை மீட்டரின் பின்பக்க முனையிலேயே செய்யுங்கள். அங்கே அசைந்து டேங்க்கில் அசையவில்லை என்றால் நடுவே வயர் அறுந்திருக்கிறது. டிக்கி கார்ப்பெட்டுக்குக் கீழே எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். கடித்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது ஒரு மழைக்குத் தாங்காது. சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், அல்லது புது வயரே இழுத்துவிடுங்கள்.

மீட்டர் இரு கோடியும் காட்டுகிறது, நடுவில் சரியா என்று தெரிய வேண்டும் என்றால் ரெசிஸ்டரை எடுங்கள். டேங்க் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்க்கும்போது பைமெட்டல் வகையில் 22 ஓம் கிட்டத்தட்ட நிறைவு, 68 ஓம் நடுப்பகுதி, 220 ஓம் காலிக்குப் பக்கம். காயில் வகையில் இது தலைகீழ்: நேரே எர்த் என்றால் காலி, 47 ஓம் நடுப்பக்கம், 82 ஓம் நிறைவுக்குப் பக்கம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆனாலும் முள் ஒரே சீராக ஏறி இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

யூனிட்டைக் கழற்றும் முன் டேங்க்கில் பெட்ரோல் கால் டேங்க்குக்கும் குறைவாக இருக்கட்டும். வெட்டவெளியில் செய்யுங்கள். அடுப்படியை ஒட்டிய ஷெட்டிலோ, மோட்டார் ஓடும் இடத்திலோ கூடாது. பேட்டரி கழன்றிருக்க வேண்டும். சுற்றி ஸ்க்ரூ இருந்தால் கழற்றும் முன் யூனிட் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருகும் வளையமாக இருந்தால் கட்டையையோ பித்தளைத் துண்டையோ வைத்துத் தட்டுங்கள், இரும்பு உளி வேண்டாம்.

வெளியே எடுத்த யூனிட்டில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து கையால் ஃப்ளோட் கம்பியைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்குங்கள். எண் சீராக மாற வேண்டும். நடுவில் எங்காவது விட்டுப்போனால் சுற்றுக்கம்பி தேய்ந்திருக்கிறது. கறுப்புப் படிவு மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். உப்புத்தாள் போட்டால் முடி மாதிரி இருக்கும் அந்தக் கம்பி அறுந்துவிடும்.

அடுத்தது ஃப்ளோட். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று கேட்கிறதா? கேட்டால் ஓட்டை. பெட்ரோல் புகுந்த ஃப்ளோட் மிதக்காது; டேங்க் நிறைய ஊற்றினாலும் முள் காலியிலேயே கிடக்கும். பித்தளை ஃப்ளோட்டைக் கைப்பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்தால் ஈயம் வைத்து அழகாக அடைத்துவிடுவார். ஆனால் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுவதும் போயிருக்க வேண்டும். சின்னதாக இன்னொரு துளை போட்டு, உள்ளே இருப்பதை வடித்து, வெந்நீர் விட்டுப் பல முறை அலசி, வெயிலில் நாள் முழுக்க வைத்து, வாசனை அறவே இல்லை என்றான பிறகே நெருப்புக்குப் பக்கம் போகட்டும். உள்ளே ஆவி இருந்தால் வெடிக்கும். அடைத்ததும் மறுபடி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். ஈயம் ஒரு பொட்டுக்கு மேல் ஏறக் கூடாது. எடை கூடினால் முள் எப்போதும் குறைவாகவே காட்டும்.

கார்க் ஃப்ளோட் உள்ள மிகப் பழைய யூனிட்டில் அரக்குப் பூச்சு இருக்கும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் அரக்கைக் கரைக்கும். பூச்சு போன கார்க் ஊறிக் கனத்துவிடும். அதை மறுபடி பூசிக்கொண்டிருக்காமல், பித்தளையோ பெட்ரோல் தாங்கும் பிளாஸ்டிக்கோ ஆன ஃப்ளோட்டை அதே கம்பியில் மாட்டிவிடுவதே சரி.

மூன்றாவது, யூனிட்டின் எர்த். யூனிட் தகடு கேஸ்கெட் மேல் உட்காருவதால், ஸ்க்ரூ வழியாகத்தான் டேங்க்கோடு எர்த் சேரும். துருப்பிடித்த ஸ்க்ரூவால் நடுவே தடை சேர்ந்தால் பைமெட்டல் மீட்டர் குறைத்துக் காட்டும், காயில் மீட்டர் கூட்டிக் காட்டும். தகட்டிலிருந்து பாடிக்குத் தனி எர்த் வயர் ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட். மாட்டிய பிறகு அளவு சரியா என்று பார்க்க 5 லிட்டர், 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி ஃப்ளோட் கம்பியை வளைத்து வைப்பது நல்லது. நிறைவில் சற்றுத் தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

டெம்பரேச்சர் முள் ஏறவில்லை, அல்லது உடனே சிவப்புக்குப் போகிறது

பின்னாலிருந்து வருவது மெல்லிய செம்புக் குழாயா, வயரா என்று பாருங்கள். வயர் என்றால், பைமெட்டல் மீட்டரில் சென்சார் வயரைக் கழற்றினால் முள் குளிருக்கு வர வேண்டும், 2, 3 நொடி எர்த் செய்தால் சூட்டுப் பக்கம் ஏறத் தொடங்க வேண்டும். இரண்டும் சரி என்றால் சென்சாரைக் கழற்றி, வெந்நீரில் அதன் நுனியை மட்டும் வைத்து ஓம்ஸ் பாருங்கள். அறைச் சூட்டில் சில நூறு ஓம் இருப்பது, கொதிநீரில் சில பத்து ஓமுக்கு இறங்க வேண்டும். மாறாமல் நின்றால் சென்சார் போய்விட்டது. புதிது மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தை விடுங்கள். சென்சாரின் எர்த்தே அந்த மரை வழியாகத்தான்.

கடலோர ஊர்களில் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் சென்சார் நுனியில் சுண்ணாம்பு போல உப்பு படிந்திருக்கும். முள் தாமதமாக ஏறுவதற்கு அதுதான் காரணம். டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

ஹைவேயில் ஓடும்போது முள் அடியிலேயே கிடந்து, ஊருக்குள் நின்று நின்று போகும்போது மட்டும் ஏறினால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். "நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்" என்று யாரோ தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்பப் போடுங்கள்.

செம்புக் குழாய் வகையில் குமிழுக்குள் ஆவியாகும் திரவம் இருக்கிறது. குழாய் ஓர் இடத்தில் விட்டாலும் அந்த மீட்டர் முடிந்தது. குழாயை வெட்டி ஒட்டி வீட்டில் நிரப்ப முயல வேண்டாம். உள்ளே ஊற்றுவது ஈதர், தீப்பிடிக்கும். இந்த வேலை செய்பவரிடம் கொடுங்கள், அல்லது எலக்ட்ரிக் மீட்டரும் அதற்குரிய சென்சாரும் சேர்த்து மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சூடாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று குளிருக்கு விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் தொங்கும்போதும் முள் விழும். உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைத்து, ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஆயில் பிரஷர் முள்

இதில் மட்டும் வரிசையை மாற்றுங்கள். முள் விழுந்தால் முதலில் என்ஜினை அணையுங்கள், எண்ணெய் அளவைப் பாருங்கள், அதன் பிறகே மீட்டரைச் சந்தேகியுங்கள். 1489 சிசி அம்பாசடர் என்ஜினில் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ அளவிலும், ஐட்லிங்கில் 15க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் உள்ள டெஸ்ட் கேஜை என்ஜின் பிளாக்கிலேயே நேராக மாட்டி இரண்டையும் ஒப்பிடுவதுதான் உறுதியான வழி.

டாஷ்போர்டு கேஜ் மட்டும் குறைத்துக் காட்டினால், என்ஜினிலிருந்து அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயில் கசடு அடைத்திருக்கும். இரு முனையும் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் காற்றால் ஊதுங்கள். திரும்ப மாட்டும்போது கேஜ் பக்கத்தைத் தளர்வாக விட்டு, என்ஜினைச் சுழலவிட்டு, எண்ணெய் எட்டிப் பார்த்ததும் முறுக்குங்கள். அங்கே உள்ள சின்னத் தோல் வாஷரைப் புதிதாகப் போடாவிட்டால் எண்ணெய் காலில் சொட்டும். என்ஜின் ஆட்டத்தில் செம்புக் குழாய் விரிசல் விடாமல் இருக்க நடுவே ஒரு சுற்று வளைத்து விட்டிருப்பார்கள், அதை நேராக்கிவிடாதீர்கள்.

விளக்கு மட்டும் உள்ள வண்டியில், சுவிட்ச் வயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும், எர்த் செய்தால் எரிய வேண்டும்.

ஆம்பியர் மீட்டர்: இதில் விளையாட வேண்டாம்

மற்ற மீட்டர்களில் ஓடுவது மிகக் குறைந்த கரண்ட். இதில் ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் மொத்தக் கரண்டும் ஓடுகிறது, பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸும் கிடையாது. பேட்டரியைக் கழற்றாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் கை வைக்கவே கூடாது. மீட்டரின் பின் போல்ட் தளர்ந்திருந்தால் அங்கே சூடாகும், வயரின் ரப்பர் கருகும், வண்டியே எரியக்கூடும். வருடம் ஒரு முறை அந்த இரண்டு நட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பது மிக அவசியம்.

முள் எதிர்ப்பக்கம் காட்டினால், அதாவது வண்டி நிற்கும்போது ஹெட்லைட் போட்டால் சார்ஜ் பக்கம் போனால், இரு வயரும் மாறியிருக்கிறது. பிளஸ் எர்த் வண்டியை மைனஸுக்கு மாற்றியவர்கள் அடிக்கடி மறக்கும் வேலை இது.

ஓடும்போதும் டிஸ்சார்ஜ் பக்கமே நின்றால் பேட்டரியில் வோல்ட் பாருங்கள். நிற்கும்போது 12.6, என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் 13.8 முதல் 14.4. அது வந்தால் சார்ஜிங் நல்லது, மீட்டர்தான் தப்பு. வரவில்லை என்றால் ஃபேன் பெல்ட், டைனமோ கார்பன், ரெகுலேட்டர் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். டைனமோ வண்டியில் ஐட்லிங்கில் ஹெட்லைட் போட்டால் டிஸ்சார்ஜ் காட்டுவது கோளாறு இல்லை. முள் விட்டு விட்டுத் துடித்தால் பெல்ட் தளர்வு. நடுவில் விரலால் அழுத்தினால் 12 மி.மீ. அளவுக்குத்தான் இறங்க வேண்டும்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டிக்குப் பழைய 30 ஆம்பியர் மீட்டர் போதாது. டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர்; ஆல்டர்னேட்டர் அதைப் போல இரண்டு மடங்கு தரும், இறங்கிப்போன பேட்டரியோடு ஸ்டார்ட் செய்தால் மீட்டர் கருகும். இங்கே வோல்ட் மீட்டருக்கு மாறுவதே நல்லது. ஆம்பியர் மீட்டருக்கு வந்த இரண்டு தடித்த வயரையும் லக் வைத்து ஒன்றாக போல்ட் போட்டு, ஹீட் ஷ்ரிங்க் சுற்றிக் கட்டிவிடுங்கள். அவற்றை வோல்ட் மீட்டரின் இரு முனையிலும் அப்படியே மாட்டினால் வண்டிக்குக் கரண்டே வராது. வோல்ட் மீட்டருக்குச் சாவி வழியாக வரும் மெல்லிய வயர் ஒன்று, நடுவே 2 ஆம்பியர் ஃபியூஸ், மறு முனை எர்த். அவ்வளவுதான்.

ஸ்பீடோ முள் ஆடுகிறது, சத்தம் போடுகிறது, நின்றுவிட்டது

முள் இடமும் வலமும் ஆடினால் பத்துக்கு ஒன்பது கேபிள்தான். மீட்டர் பக்கம் மரையைக் கழற்றி உள் கம்பியை உருவுங்கள். தரையில் நேராகப் போட்டு உருட்டினால் எங்காவது எகிறிக் குதிக்கிறதா? குதித்தால் வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். நேராக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கியர்பாக்ஸ் பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் 15, 20 செ.மீ. உலர்ந்தே இருக்கட்டும். நிறையத் தடவினால் கிரீஸ் திருகித் திருகி மேலேறி மீட்டருக்குள் போய், காந்தத்தையும் அலுமினியக் கிண்ணத்தையும் ஒட்ட வைத்துவிடும். அப்போது வண்டி மெதுவாகப் போனாலும் முள் கோடிக்கு ஓடும். கேபிள் போகும் பாதையில் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறைவான வளைவு இருக்கக் கூடாது.

முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் இரண்டும் நின்றால் கேபிள் அறுந்தது, அல்லது கியர்பாக்ஸில் உள்ள சின்னப் பல்சக்கரம் தேய்ந்தது. எண் ஓடுகிறது, முள் மட்டும் இல்லை என்றால் மீட்டருக்குள் காந்தம் அல்லது மெல்லிய சுருள் ஸ்ப்ரிங். முள் காட்டுகிறது, எண் ஓடவில்லை என்றால் எண் சக்கரத்தின் பல் உடைந்திருக்கிறது. கடைசி இரண்டும் மீட்டர் ரிப்பேர் செய்பவர் வேலை.

வேகம் தப்பாகக் காட்டினால் முதலில் டயரைப் பாருங்கள். அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்று வந்த டயருக்குப் பதில் ரேடியல் போட்டிருந்தால் சுற்றளவு மாறும், மீட்டரும் மாறிக் காட்டும். வேறு வண்டியின் மீட்டரை மாட்டும் முன், வண்டியை நேராக 20 மீட்டர் தள்ளி கேபிள் முனை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதை 50ஆல் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கான சுற்று கிடைக்கும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போவதால், அதே எண்தான் அந்த வேகத்தில் கேபிள் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணும். வேகம் தெரிந்த டிரில் மெஷினில் கேபிள் துண்டு ஒன்றை மாட்டி அந்த வேகத்தில் சுற்றினால் முள் 60இல் நிற்க வேண்டும். வண்டியில் கேபிள் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் சுற்றுங்கள்.

கண்ணாடிக்குள் ஈரம், விளக்கு மங்கல்

மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்தால் ரப்பர் வளையம் சுருங்கியிருக்கிறது. முன் வளையத்தின் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, கண்ணாடியை மட்டும் எடுத்துத் துடையுங்கள். டயலில் தின்னரோ, பெட்ரோலோ, ஸ்பிரிட்டோ படக் கூடாது, எண்கள் துணியோடு வந்துவிடும். மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். முள்ளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

உள்விளக்குக்கு 2.2 வாட்டுக்கு மேல் பல்பு போட்டால் டயலின் பெயின்ட் மஞ்சளிக்கும். எல்இடி போடலாம், சூடாகாது. சார்ஜ் விளக்கில் மட்டும் போடாதீர்கள்: ஆல்டர்னேட்டர் விழிப்பதற்கு அந்தப் பல்பு வழியாகப் போகும் கரண்ட் வேண்டும், எல்இடி வழியாக அது போதுமான அளவு போகாது.

மாற்று மீட்டர் வாங்கப் போகும்போது

திருச்சியில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்தான். பழைய மீட்டரையும் யூனிட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மீட்டரும் யூனிட்டும் ஒரே வகை ஜோடியாக வாங்க வேண்டும். காயில் மீட்டருக்கு பைமெட்டல் யூனிட் போட்டால் டேங்க் நிறையும்போது முள் இறங்கும். கடையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரி கேட்டு வாங்கி, உங்கள் ரெசிஸ்டர்களை மாட்டி முள் ஏறி இறங்குவதைப் பார்த்து வாங்குங்கள். பைமெட்டல் மீட்டரை 12 வோல்ட்டில் நேராக மாட்டும்போது கொஞ்சம் கூட்டியே காட்டும், அதிக நேரமும் வைத்திருக்கக் கூடாது. ஆம்பியர் மீட்டரை மட்டும் பேட்டரியில் நேராக மாட்டிச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். ஒரு ஹெட்லைட் பல்பை நடுவே வைத்து மாட்டினால் 4, 5 ஆம்பியர் காட்ட வேண்டும்.